இறைக்கும் கிணறே ஊறும்

யாழ்ப்பாணத்தார் எவரிடத்தும் 'நூலகம்' என்னும் சொல்லை உரைத்த மாத்திரத்தே அவருள்ளத்தில் முதற்கண் தோன்றுவது தீ. 1981ஆம் ஆண்டைக் கண்ணாற் கண்ட முதியோர்க்கும், அதனைப் பெற்றோர் வாயிலாகக் கேட்டறிந்த இளையோர்க்கும் இஃது ஒக்கும். நூலகத்தை எரித்த நாளை நாம் மறந்திலேம், மறத்தலும் ஆகாது. ஆயின், அந்நூலகத்துக்கு வித்திட்ட நாளை நம்முள் எத்துணையர் அறிவர்? வித்திட்டவர் பெயரை எத்துணையர் சொல்லவல்லர்? அழிவை நினைவிற் கொள்ளும் ஒரு சமுதாயம் ஆக்கத்தை மறந்துவிடின், மீண்டும் ஆக்குதற்கு வேண்டிய வழியையும் மறந்துவிடும். ஆதலின் இவ்வாரம் அவ்வழியைப் பற்றிச் சில கூற விழைகின்றோம்.

நம் பொதுநூலகத்தின் வரலாறு மாளிகையிலே தொடங்கியதன்று. ஒரு மனிதரின் வீட்டிலே தொடங்கியது. 1933ஆம் ஆண்டிலே கே. எம். செல்லப்பா என்னும் பெரியார் தம் இல்லத்தில் இருந்த நூல்களைப் பிறர் படித்தற்கு இரவலாக வழங்கத் தலைப்பட்டார். செயல் இவ்வளவே. கேட்போர்க்கு இது சிறிதாகத் தோன்றும். அக்காலத்து நிலையை நோக்குவோர்க்கு இதன் பெருமை புலனாகும்.

அந்நாளிலே யாழ்ப்பாணத்தில் கல்விக்குக் குறைவில்லை. 1823ஆம் ஆண்டில் அமெரிக்க மிஷனார் வட்டுக்கோட்டையிலே உயர்கல்விச் செமினரியை நிறுவினர். 1848ஆம் ஆண்டில் ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடக்கினார். சி. வை. தாமோதரம்பிள்ளை பழஞ்சுவடிகளைத் தேடித்தேடி அச்சேற்றினார். ஊர்தோறும் பள்ளிகள் எழுந்தன, அச்சியந்திரங்கள் இயங்கின, புலவரும் பண்டிதரும் வாழ்ந்தனர். நூல்களும் இருந்தன. அவை எவர் கையில் இருந்தன என்பதே வினா.

கற்றவர் வீட்டுப் பெட்டகத்தில் இருந்தன; செல்வர் வீட்டு அலுமாரியில் இருந்தன; பரணிலே ஏட்டுக் கட்டுகளாய்க் கிடந்தன; கல்லூரிகளிலே அவ்வக் கல்லூரி மாணவர்க்கென்று இருந்தன. கல்வியில் ஆர்வமும் கையில் வறுமையும் உடைய ஓர் இளைஞன் ஒரு நூலைப் படிக்க விரும்பினால், அந்நூலுடையார் வீட்டுப் படலையடியிலே தயங்கி நின்று, அவர்தம் முகக்குறிப்பறிந்து, தயவை வேண்டிப் பெறல் வேண்டும். தயவினாற் பெறுவது வேறு; உரிமையாற் பெறுவது வேறு. தயவினாற் பெறுபவன் மறுமுறை கேட்க நாணுவான். உரிமையாற் பெறுபவன் ஒன்றைப் படித்து முடித்தவுடன் அடுத்ததற்குக் கை நீட்டுவான். தயவாயிருந்த ஒன்றை உரிமையாக மாற்றும் பெருமுயற்சிக்குச் செல்லப்பா தம் வீட்டுக் கதவைத் திறந்து வழிசெய்தார்.

ஒருவர் வீட்டிலே தொடங்கிய பணி விரைவில் ஊர்ப்பணியாயிற்று. 1934ஆம் ஆண்டிலே நகரத்துப் பெரியோர் கூடிக் குழுவொன்றை அமைத்தனர். நீதிபதி சி. குமாரசுவாமி தலைவராயினார்; செல்லப்பா செயலாளர் பொறுப்பை ஏற்றார். அவ்வாண்டு ஆகஸ்ட் மாதம் முதலாம் நாள், வைத்தியசாலை வீதியில் வாடகைக்கு அமர்த்திய ஒரு சிறிய அறையிலே, 844 நூல்களோடும் சில பத்திரிகைகளோடும் நூலகம் திறக்கப்பட்டது. பின்னர் அது வசதியான கட்டடத்துக்குப் பெயர்ந்து, சந்தா செலுத்தும் உறுப்பினர்க்கு நூல் வழங்கி வளர்ந்து, நகராட்சியின் பொறுப்பிலே நிலைபெற்றது. தென்கிழக்காசியாவின் தலைசிறந்த நூலகங்களுள் ஒன்று எனப் பிற்காலத்தார் வியந்து பேசிய நிலையத்தின் முதல் மூலதனம் 844 நூல்களும் சிலர்தம் நன்மனமுமேயாம்.

இவ்வாறு ஒருவர் முன்வந்து கதவு திறத்தலாற் பொதுநூலகம் பிறத்தல் நம் நாட்டுக்கு மட்டும் உரிய செய்தியன்று. ஜேர்மனி தேசத்திலே பெருநூலகங்கள் பல நூற்றாண்டுகளாக இருந்தன. அவை பெரும்பாலும் அரசவைக்கும் பல்கலைக்கழகத்துக்கும் உரியனவாயிருந்தன. தொழிற்சாலையிற் பாடுபட்டு மாலையில் வீடு திரும்பும் ஒருவன் சென்றமர்ந்து படித்தற்கு ஏற்ற இடம் அரிது. 1895ஆம் ஆண்டுத் தொடக்கத்திலே பேர்லின் நகரிலே, அறநெறிப் பண்பாட்டை வளர்க்கும் நோக்குடைய கழகம் ஒன்று பொதுமக்களுக்கென வாசிகசாலை ஒன்றைத் திறந்தது. அதனை நடத்தும் பொறுப்பைப் போனா பைசர் என்னும் அம்மையார் ஏற்றார். 1864ஆம் ஆண்டிலே பிறந்த இவர், இங்கிலாந்தின் பொதுநூலகங்கள் இயங்கும் முறையை அறிந்து வந்தவர். ஜேர்மனியிலே பொதுநூலகப் பணியைத் தம் தொழிலாக மேற்கொண்ட முதற்பெண்மணி எனப் போற்றப்படுபவர். பெண்கள் இத்தொழிலைப் பயின்று அதிலே இடம்பெற வேண்டும் என்றும் அவர் உழைத்தார். 1929ஆம் ஆண்டில் அவர் மறைந்தார்.

அவர் மறைந்து நான்கு ஆண்டுகள் கழிந்தன. 1933ஆம் ஆண்டு மே மாதம் 10ஆம் நாள் இரவு, அதே பேர்லின் நகரின் நடுவே, நாசிக் கொள்கையிற் பற்றுடைய மாணவர்கள் தாம் வெறுத்த ஆசிரியர்களின் நூல்களைக் குவித்துத் தீயிட்டனர். உலகப் புகழ்பெற்ற பல்கலைக்கழகங்களையுடைய தேசத்திலே கற்றவர் கையே நூலை எரித்தது. அந்த 1933ஆம் ஆண்டிலேதான் யாழ்ப்பாணத்திலே ஒருவர் தம் நூல்களை எடுத்து அயலார் கையிலே கொடுத்தார். கல்வி மிகுதியால் மட்டும் நூலுக்குக் காவல் அமையாது என்பதை ஒரு நகரம் காட்டியது. நூலை நேசிக்கும் ஒருவரால் ஓர் ஊரின் நிலையே மாறும் என்பதை மற்றொரு நகரம் காட்டியது.

கடலுக்கு அப்பால், நமக்கு அண்மையிலுள்ள தமிழகத்திலும் இதற்கு ஒப்பான முயற்சிகள் அக்காலத்தில் நிகழ்ந்தன. மன்னார்குடிப் பகுதியிலே 1931ஆம் ஆண்டில் மாட்டு வண்டியிலே நூல்களை ஏற்றி ஊரூராகக் கொண்டு சென்று வழங்கினர். நூலைத் தேடி வாசகன் வருமட்டும் காத்திராது, வாசகனைத் தேடி நூல் சென்றது. இவ்வியக்கத்துக்கெல்லாம் அறிவுத்துணையாக விளங்கியவர் சீர்காழியைச் சேர்ந்த எஸ். ஆர். அரங்கநாதன். கணித ஆசிரியராயிருந்த அவர் 1924ஆம் ஆண்டிலே சென்னைப் பல்கலைக்கழக நூலகராய் நியமனம் பெற்று, இலண்டன் சென்று நூலகவியல் கற்று மீண்டார். 1931ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட நூலக அறிவியல் விதிகள் ஐந்தனுள் முதலாவது, நூல் இருப்பது பயன்படுத்துதற்கே என்பது. மேனாட்டிலே ஒருகாலத்தில் நூல்களைச் சங்கிலியாற் பிணித்து வைத்தனர் என்பதை நினைப்போர்க்கு, இவ்வெளிய விதி எத்துணைப் பெரிய மாற்றத்தைக் குறிக்கின்றது என்பது விளங்கும்.

அந்த அரங்கநாதனே யாழ்ப்பாண நூலகத்தின் அமைப்புக்கும் ஆலோசனை வழங்கினார் என்பது நாம் பெருமிதத்தோடு நினைத்தற்குரியது. 1949ஆம் ஆண்டில் யாழ்ப்பாணம் மாநகரசபை ஆயிற்று. நகர முதல்வராயிருந்த சாம் சபாபதியும், சம்பத்திரிசியார் கல்லூரியின் அதிபராயிருந்த அயர்லாந்து தேசத்துப் பாதிரியார் லோங் அடிகளும், வேறு பலரும் புதிய கட்டடத்துக்காக அரும்பாடுபட்டனர். சென்னைக் கட்டடக்கலைஞர் வீ. எம். நரசிம்மன் திராவிடக் கலைமரபு தழுவி அதற்கு வடிவம் வகுத்தார். 1959ஆம் ஆண்டு அக்டோபர் 11ஆம் நாள் முதல்வர் அல்பிரட் துரையப்பா அதனைத் திறந்து வைத்தார். 1967ஆம் ஆண்டிலே சிறுவர் பகுதி சேர்ந்தது. ஐசாக் தம்பையா, முதலியார் குல. சபாநாதன் முதலிய அறிஞர்தம் நூற்றொகுதிகளும் அங்கே வந்து சேர்ந்தன. சைவரும் கிறித்தவரும், யாழ்ப்பாணத்தாரும் அயல்நாட்டாரும் கைகோத்து எழுப்பிய நிலையம் அது.

1981ஆம் ஆண்டு மே மாத இறுதி நாளிரவு தொடங்கிய வன்செயலில், பொலிசாரும் அவரோடு சேர்ந்தோரும் இட்ட தீயிலே அந்நிலையம் எரிந்தது. ஏறத்தாழ 97,000 நூல்களும் அரிய ஓலைச்சுவடிகளும் சாம்பராயின. பன்மொழி வல்லுநரான தாவீது அடிகள் அக்கொடுமையைக் கண்ட அதிர்ச்சியிலே உயிர் நீத்தார் என்பர். பின்னர் 1984ஆம் ஆண்டில் ஒரு பகுதி மீண்டும் இயங்கத் தொடங்கியும் போர் அதனை வாழவிட்டிலது. 1998ஆம் ஆண்டின் பின் நடைபெற்ற புனரமைப்பினால், இந்நூற்றாண்டின் தொடக்கத்திலே அது மீண்டும் வெண்ணிறத்தோடு எழுந்து நிற்கின்றது.

இவ்விடத்து ஒன்றை ஆழ்ந்து நோக்குதல் வேண்டும். தீயிட்டவர்தம் குற்றத்தை இது சிறிதும் குறைப்பதன்று. நாம் கற்கவேண்டிய பாடத்தையே இது சுட்டுகின்றது. அவ்விரவிலே, நூலகத்துக்கு உரியனவாயிருந்த நூல்களுள் எவை எரியாது தப்பியிருத்தல் கூடும்? இரவலாக வெளியே சென்றிருந்த நூல்கள். ஏதோவொரு வீட்டிலே, ஒரு மாணவனின் மேசைமீதோ ஒரு மூதாட்டியின் தலைமாட்டிலோ கிடந்த நூல்கள். கட்டடத்தினுள்ளே காவலோடு இருந்தவற்றைத் தீ உண்டது. மக்கள் கையிலே இருந்தவற்றை அது நெருங்க இயலாது. அச்சேறிப் பலவிடத்தும் பரவிய நூல் ஒரு பிரதி எரியினும் வேறொரு பிரதியினின்று மீண்டு வரும். பிரதி எடுக்கப்படாது ஒரேயிடத்தில் இருந்த ஓலைச்சுவடி எரிந்தால், எரிந்தது எரிந்ததே.

நம் முன்னோர் இதனை அறியாதவரல்லர். 1887ஆம் ஆண்டிலே தாமோதரம்பிள்ளை கலித்தொகையைப் பதிப்பிக்க முடிந்தமைக்குக் காரணம், யாரோ சிலர் அதனைத் தலைமுறை தலைமுறையாக எழுதியும் வழங்கியும் வந்தமையேயாம். ஏடு பெயர்த்தெழுதியவர் கை ஓய்ந்திருப்பின், சங்கநூல்கள் நம் காலம்வரை வந்திரா. பூட்டி வைத்தல் காத்தல் போலத் தோன்றும். பகிர்ந்து பரப்புதலே மெய்யான காத்தல். 'இறைத்த கிணறு ஊறும், இறையாத கிணறு நாறும்' என்பது நம்மவர் பழமொழி. பெருநதி எதுவுமின்றி, கிணற்றையும் துலாவையும் நம்பியே தோட்டஞ் செய்த குடாநாட்டாராகிய நமக்கு இதன் பொருளை வேறொருவர் விளக்க வேண்டுவதில்லை.

ஆயின், தீயினால் நாம் கற்றுக்கொண்டது வேறொன்றோ என ஐயுறுகின்றோம். இழந்தவன் எஞ்சியதை இறுகப் பற்றுதல் இயல்பு. நம்மிடத்தும் அவ்வியல்பு படிந்துவிட்டது. ஆசிரியத் தொழிலிலே பல்லாண்டு கழித்த நாம் பள்ளிகள் சிலவற்றிற் கண்டது இது: நூல்கள் கண்ணாடி அலுமாரியில் அழகாக அடுக்கப்பட்டிருக்கும்; அலுமாரியின் திறப்போ பொறுப்பாளர் பையில் இருக்கும்; மாணவன் ஒருவன் வந்து கேட்டால், நாளைக்கு வா என்பது விடையாகும். மறுநாளும் அவ்விடையே கிடைப்பின், மூன்றாம் நாள் அவன் வாரான். ஆண்டிறுதியிற் கணக்கெடுக்க வருவோர் நூல்களை எண்ணுவர்; எண்ணிக்கை குறையாதிருந்தாற் பொறுப்பாளர்க்கு நற்பெயர். அவ்வாண்டிலே எத்தனை நூல்கள் எத்தனை முறை வெளியே சென்று மீண்டன என்று கேட்பவர் இலர்.

பொறுப்பாளரை மட்டும் குறைகூறுதல் நீதியாகாது. நூல் தொலைந்தால் தாமே விலை கொடுக்க வேண்டுமோ என்னும் அச்சம் அவர்க்குண்டு. இரவல் போன நூல் திரும்பி வாராது என்னும் முறைப்பாடும் பொய்யன்று. நம் வீடுகளிலேயே பிறர் பெயர் எழுதிய நூல்கள் இருத்தலை நாம் மறுக்கவியலாது. எனினும் இழப்பை இழப்போடு ஒப்பிட்டு நோக்குதல் வேண்டும். நூறு நூல்களை வழங்கினால் ஐந்து திரும்பாதிருக்கலாம். தொண்ணூற்றைந்து நூல்கள் படிக்கப்பட்டுத் திரும்பும். திரும்பாத ஐந்தும் யாரோ ஒருவர் கையிலே உள்ளன. நூறையும் பூட்டி வைத்தால் நூறும் கறையானுக்கு இரையாகும். எனவே ஆண்டுதோறும் சிறு விழுக்காடு நூல் தொலைதலை இயல்பான தேய்மானமாக ஏற்கும் விதியைக் கல்வி அதிகாரிகள் வகுத்தல் நன்று. பொறுப்பாளரின் திறமையை, எண்ணிக்கை குறையாமையால் அளவாது, இரவற் பதிவேட்டின் பக்கங்களால் அளத்தல் வேண்டும்.

நூலகர் என்பவர் திறப்புக் காவலர் அல்லர். வந்த நூலைப் பொருள்வகை நோக்கிப் பகுத்து, எவரும் எளிதிற் கண்டெடுக்குமாறு அடுக்கி, பட்டியல் எழுதி, வந்தவர் எதனை நாடி வந்தார் என்பதை அவர் சொல்லுமுன்னமே உணர்ந்து, அவர்க்கேற்ற நூலைக் கையிலே கொடுப்பவர் அவர். முதன்முதல் நூலகப் படியேறும் சிறுவனுக்கு அவர் காட்டும் முகமே அவன் மறுமுறை வருதலையும் வாராமையையும் தீர்மானிக்கும். நல்லாசிரியர்க்கு நாம் கொடுக்கும் மதிப்பிற் சிறிதும் குறையாத மதிப்பு நல்ல நூலகர்க்கும் உரியது. பைசர் அம்மையார் இதனைப் பயிற்சி வேண்டும் தொழிலென நிலைநாட்டப் பாடுபட்டமையும், அரங்கநாதன் இதனை ஓர் அறிவியலாக வகுத்தமையும் இது பற்றியே.

இனி, நம் ஊர்களின் நிலையை நோக்குவோம். சந்திகள்தோறும் வாசிகசாலை அமைத்த பெருமை நம் கிராமங்களுக்கு உண்டு. ஒருவர் உரத்துப் பத்திரிகை வாசிக்கப் பலர் சூழ்ந்திருந்து கேட்ட காலம் ஒன்றிருந்தது. இன்று பலவிடத்திலே கட்டடம் உண்டு, பெயர்ப்பலகை உண்டு, மாலையிலே கதவு திறப்பார் இல்லை. மறுபுறத்தில், பிள்ளைகள் யாவரும் வெளிநாடு சென்றுவிட, முதியோர் மறைந்தபின் பூட்டிக் கிடக்கும் வீடுகளிலே, ஒருவர் வாழ்நாளெல்லாம் தேடிச் சேர்த்த நூல்கள் ஈரத்திற் கிடந்து மக்குகின்றன. அவற்றுட் சில பழைய கடதாசி விலைக்குப் போய்க் கடலைச் சரையாகின்றன. ஒரு தெருவிலே நூலின்றி வெறுமையாக வாசிகசாலை. அதே தெருவிலே வாசகரின்றி நூல் நிறைந்த வீடு. இவ்விரண்டையும் இணைத்தற்கு அரசாணை வேண்டியதில்லை. 1933இல் ஒருவர் கொண்ட மனம் வேண்டும்.

அம்மனம் முற்றாக அற்றுப் போகவில்லை என்பது நமக்கு ஆறுதல். 2005ஆம் ஆண்டிலே தொடங்கிய 'நூலகம்' என்னும் எண்ணிம நூலகம், ஈழத்து நூல்களையும் இதழ்களையும் படியெடுத்து, உலகின் எம்மூலையில் உள்ளோரும் விலையின்றிப் படிக்குமாறு வழங்கி வருகின்றது. நூலகர் என். செல்வராஜா 2002ஆம் ஆண்டு முதல் வெளியிட்டுவரும் 'நூல்தேட்டம்' தொகுதிகள், ஈழத்தவர் எழுதியவை எவை என்பதைப் பட்டியலிட்டுக் காட்டுகின்றன. ஒரே கூரையின்கீழ் மட்டும் இருத்தலின் இடரை உணர்ந்தோர் செய்யும் பணிகள் இவை. எனினும், கணினித் திரையிலே ஆயிரம் நூல் இருப்பினும், இதைப் படித்துப் பார் தம்பி என்று ஒன்றை எடுத்து நீட்டும் கை ஒரு சிறுவனுக்கு வேண்டும். அக்கை அவன் ஊரிலேயே இருத்தல் வேண்டும்.

2033ஆம் ஆண்டிலே செல்லப்பா தம் வீட்டில் நூல் வழங்கத் தொடங்கி நூறாண்டு நிறையும். நூற்றாண்டு விழா என்றவுடன் பந்தல், மலர்மாலை, பொன்னாடை, தலைமையுரை என்பனவே நம்மவர் நினைவுக்கு வரும். அவற்றை நாம் வெறுக்கவில்லை. அவரைப் போற்றுதற்கு அவர் செய்ததைச் செய்தலே தக்கது என்பது நம் கருத்து. அவ்வாண்டு வருமுன், குடாநாட்டின் ஒவ்வொரு வாசிகசாலையிலும் அவர் பெயரால் ஓர் அடுக்கு அமையட்டும். அவ்வடுக்கில் உள்ளவை யாவும் வீட்டுக்கு எடுத்துச் செல்லற்குரிய நூல்களாகவே இருக்கட்டும். ஒவ்வொரு குடும்பமும் தான் படித்து முடித்த ஒரு நூலையேனும் அதற்கு அளிக்கட்டும். பூட்டிய வீடுகளுக்கு உரிமையுடையோர், பிற நாட்டில் இருந்தவாறே ஒரு கடிதம் எழுதி அந்நூல்களை ஊருக்கு வழங்கட்டும். வீடுகளில் எஞ்சியுள்ள ஓலைச்சுவடிகளைக் கறையான் முந்துமுன் படியெடுக்கக் கொடுக்கட்டும். வாரத்துக்கு இரு மாலையேனும் வாசிகசாலைக் கதவைத் திறந்து வைக்க ஊரிளைஞர் முறைவைத்துப் பொறுப்பேற்கட்டும்.

இவற்றுள் எதுவும் பெரும்பொருள் வேண்டுவதன்று. 844 நூல்களைச் சேர்த்தல் இன்று ஒரு சிற்றூருக்கும் இயலாத செயலன்று. அங்ஙனம் ஊர்தோறும் சேருமாயின், நம் நூல்கள் ஒரு கட்டடத்தை மட்டும் நம்பி நில்லா. ஆயிரம் வீட்டு மேசைகளிலும் வாசிகசாலை அடுக்குகளிலும் இருந்து வாழும். தம் அலுமாரியிலிருந்து ஒரு நூலை எடுத்து அடுத்த வீட்டுப் பிள்ளைக்குக் கொடுத்தற்கு எவரும் 2033 வரை காத்திருத்தல் வேண்டா.